பக்கவாதத்துக்குப் பிறகு வரும் மனச்சோர்வுக்குக் காது விதைகள்: அம்மாவுக்கு ஒட்டிப் பார்த்த அனுபவம்

காது மடலில் ஒட்டும் அக்குபிரஷர் விதைப் பட்டை, அதை வீட்டுக்கு வந்து ஒட்டிக் கற்றுக்கொடுத்த சிகிச்சையாளரின் சேவை, இரண்டையும் சேர்த்தே இங்கே மதிப்பிடுகிறேன். பயன்படுத்தியது என் அம்மாவுக்கு. மூளையின் இடது பக்கத்தில் ரத்தக்குழாய் அடைத்து அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் வலது காலும் பலம் இழந்தன. பேச்சும் போனது. சொல்ல நினைப்பது மனதில் இருக்கிறது, வார்த்தைதான் வாய்க்கு வர மறுக்கிறது. கால் ஓரளவு தேறி, பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்த பிறகுதான் மனம் இறங்கத் தொடங்கியது. இப்படி ஒருவரை வீட்டில் வைத்துக்கொண்டு, இந்த விதைகளை வாங்கிப் பார்க்கலாமா என்று தேடிக்கொண்டிருப்பவர்களுக்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

மருத்துவர் கொடுத்த மாத்திரை, பிசியோதெரபி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒழுங்காக நடக்கும்போது பக்கத்தில் வைத்துக்கொள்ள இது நல்ல துணை. அவற்றை நிறுத்திவிட்டு இதை நம்புவது ஆபத்து. இது ஏதோ பொதுவான எச்சரிக்கை என்று தாண்டிப் போகாதீர்கள். எங்களிடமே ஒருவர் அதைச் செய்யச் சொன்னார். அதைப் பிறகு சொல்கிறேன்.

விதையைப் பற்றிப் பேசும் முன் நோயைப் பற்றிக் கொஞ்சம். பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் மனச்சோர்வு வருகிறது. கை கால் போன வருத்தம் அதில் ஒரு பங்குதான். மூளையிலேயே ஏற்பட்ட காயத்துக்கும், மனநிலையைத் தாங்கும் நரம்புப் பாதைகள் அறுபட்டதற்கும் இதில் பங்கு உண்டு. அதனால் "மனசைத் தைரியமா வெச்சுக்கோங்க" என்று பார்க்க வருபவர்கள் சொல்லிவிட்டுப் போவதால் ஒன்றும் மாறுவதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் களைப்பு போலத்தான் தெரியும். அம்மா பயிற்சிக்கு எழுந்திருக்க மறுத்தார். சாப்பாட்டைப் பாதியில் தள்ளினார். யார் வந்தாலும் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். விடியும் முன்பே விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பார்.

பேச முடியாதவரிடம் "வருத்தமாக இருக்கிறதா" என்று கேட்டு எப்படித் தெரிந்துகொள்வது? வழக்கமான மனச்சோர்வுக் கேள்வித்தாள்களுக்கு நோயாளியேதான் பதில் சொல்ல வேண்டும். பேச்சிழந்தவர்களுக்கென்று கூட இருப்பவர் நிரப்பும் தாள் தனியாக இருக்கிறது. அழுகிறாரா, இரவில் அமைதியில்லாமல் புரள்கிறாரா, கண்ணைப் பார்ப்பதைத் தவிர்க்கிறாரா என்ற மாதிரிக் கேள்விகள். மனநல மருத்துவர் அதை என்னிடம் கொடுத்தார். பதில் எழுதி முடித்தபோது எனக்கே எல்லாம் தெளிவாகிவிட்டது. இன்னொன்றையும் அவர் பிரித்துக் காட்டினார். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்குக் காரணமே இல்லாமல் அழுகையோ சிரிப்போ பீறிட்டு வரும், சில நொடிகளில் அடங்கிவிடும், உள்ளே அவ்வளவு துக்கம் இருக்காது. அது வேறு பிரச்சினை, அதற்கு மருந்தும் வேறு மாதிரி யோசித்துக் கொடுப்பார்கள். விதைப் பட்டை விற்பவர்கள் இதையெல்லாம் பிரிப்பதில்லை. அழுகை, பயம், தூக்கமின்மை எல்லாவற்றுக்கும் ஒரே அட்டைதான். ஆகவே எது என்று மருத்துவரிடம் தெரிந்துகொண்ட பிறகே காதுக்கு வாருங்கள்.

சரி, பொருள் எப்படி இருக்கும்? தோல் நிறத்தில் சின்னச் சின்னச் சதுர பிளாஸ்டர்கள், ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றின் நடுவிலும் சுமார் 2 மில்லிமீட்டர் அளவில் கறுப்பான உருண்டை விதை. வக்காரியா என்ற செடியின் விதை அது. சீன மருத்துவத்தில் பழக்கமானது. விதையிலிருந்து எந்த மருந்தும் தோலுக்குள் போவதற்காக அல்ல. உருண்டையாக, வழவழப்பாக, உடையாமல் இருப்பதால் அழுத்துவதற்கு வசதி, அவ்வளவுதான். அதே அட்டை எஃகுக் குண்டு, தங்க முலாம் பூசிய குண்டு, காந்தக் குண்டு என்றும் கிடைக்கிறது. கூடவே ஒரு இடுக்கி, நுனி மழுங்கிய ஒரு சின்னக் குச்சி, காதின் படம் போட்ட ஒரு தாள்.

தங்க முலாம் பூசியதற்கு எந்தத் தனிச் சிறப்பும் எங்களுக்குத் தெரியவில்லை. விதைக்கும் எஃகுக் குண்டுக்கும் வித்தியாசம் உண்டு. எஃகு கொஞ்சம் கூடுதலாகக் குத்தும், சில்லென்று இருக்கும், நனைந்தாலும் ஒன்றும் ஆகாது. விதை மென்மையாக இருக்கும், ஆனால் தலைக்குக் குளித்த பிறகு சில நேரம் ஊறி உப்பி பிளாஸ்டரைத் தூக்கிவிடும். அம்மாவுக்கு விதைதான் பிடித்தது. காந்தக் குண்டைப் பற்றி ஒரே விஷயம்: இதயத்துக்குப் பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அதை வாங்காதீர்கள். பக்கவாதம் வந்தவர்களில் இதயத் துடிப்புக் கோளாறு உள்ளவர்கள் நிறைய, அதனால் பேஸ்மேக்கரும் அவர்களிடம் அபூர்வம் இல்லை. உலோகக் குண்டு எதுவானாலும் எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு முன்னால் எடுத்துவிட வேண்டும். காதுக்குள் மடிப்பில் ஒட்டியிருப்பது ஸ்கேன் அறையில் இருப்பவர் கண்ணில் படாமலே போகலாம். கூடப் போகிறவர்தான் ஞாபகம் வைத்துச் சொல்ல வேண்டும்.

சிகிச்சையாளரைத் தேடியபோது முதலில் பேசியவர் தொலைபேசியிலேயே, மனநல மாத்திரையை மெல்லக் குறைத்துவிடலாம், காதில் எல்லாப் புள்ளியும் இருக்கிறது, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரைகூடப் பிறகு தேவைப்படாது என்றார். அந்த மாத்திரையை நிறுத்தினால் இரண்டாவது பக்கவாதம் வர வழி திறக்கிறது. அம்மாவைப் பார்க்காமலே, அவர் எந்த மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமலே சொன்ன வார்த்தை அது. எனக்குக் கை நடுங்கியது. அவரை வரச் சொல்லவில்லை. இந்தத் துறையில் யாரைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், முதல் கேள்வியாக இதையே வையுங்கள்: "இப்போது சாப்பிடும் மாத்திரைகளை என்ன செய்வது?" டாக்டர் சொன்னபடியே தொடருங்கள் என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவதாக வந்தவர் அப்படியில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி முழுதாகப் படித்தார். சர்க்கரை இருக்கிறதா, காதில் புண்ணோ பழைய தொற்றோ உண்டா, பிளாஸ்டர் ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டார். கையைக் கழுவினார். காதைச் சுத்தம் செய்து உலர விட்டார். அப்புறம் அந்த மழுங்கிய குச்சியால் காது மடலின் ஒவ்வொரு இடத்தையும் ஒரே அளவாக அழுத்திக்கொண்டே அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பேச முடியாது என்பதால், வலித்தால் இடது கையால் அவர் கையைத் தட்டச் சொன்னார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட நேரம் எனக்குப் பிடித்திருந்தது. அவசரமே இல்லை. "அம்மா, இங்கயா? இங்க கொஞ்சம் அதிகமா?" என்று கேட்டுக் கேட்டுத்தான் ஒவ்வொன்றையும் ஒட்டினார்.

மனச்சோர்வுக்கென்று அவர் எடுத்த இடங்கள் இவை. காதின் மேல்பகுதியில் முக்கோணமாக ஒரு பள்ளம் இருக்கிறதே, அங்கே ஷென்மென் என்ற புள்ளி. துளையை ஒட்டிய கிண்ணம் போன்ற குழியின் நடுவில் இதயப் புள்ளி. அந்தக் குழியின் மேல் பாதியில், பின்பக்கமாகக் கல்லீரல் புள்ளி. காது சோணைக்குச் சற்று மேலே துளையைப் பார்த்தபடி ஒரு சின்ன மேடு இருக்கும், அதன் உள்பக்கத்தில் மூளையோடு சம்பந்தப்பட்டதாகச் சொல்லும் ஒரு புள்ளி. இந்தச் சிகிச்சையைப் பற்றி வெளியான ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருபவையும் ஏறத்தாழ இவையே. ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து முறை, ஒவ்வொரு புள்ளியையும் ஒன்றிரண்டு நிமிடம், விரலால் முன்னும் பின்னும் பிடித்து அழுத்த வேண்டும். தேய்க்கக் கூடாது. தோல் உரிந்துவிடும். காது சூடாகி லேசான வலி தெரிந்தால் போதும். சில நாட்களுக்கு ஒருமுறை பட்டையை எடுத்துவிட்டு, காதுக்கு ஓய்வு கொடுத்து, அடுத்த காதில் ஒட்ட வேண்டும்.

காது மாற்றும் இந்த விஷயத்தில்தான் பக்கவாத நோயாளிக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இருக்கிறது. படத்தாளிலோ அட்டையின் உறையிலோ இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பக்கவாதம் பாதித்த பக்கத்தில் முகத்திலும் காதிலும் உணர்ச்சி குறைந்திருக்கலாம். அம்மாவுக்கு வலது காதில் அழுத்தினால் சரியாகத் தெரியவில்லை. வலி தெரியாத இடத்தில் விதையை வைத்து, வலி தெரியும்வரை அழுத்துங்கள் என்று சொன்னால் என்ன ஆகும்? விதையின் கீழே தோல் சிவந்து, குழிவிழுந்து, புண்ணாகும் நிலைக்குப் போனது. தினமும் அம்மாவின் தலையைத் துவட்டிவிடும் அண்ணிதான் அதைக் கவனித்தார். உடனே எடுத்துவிட்டோம், ஆறிவிட்டது. சிகிச்சையாளரிடம் சொன்னபோது அவரும் ஒத்துக்கொண்டு, இனி இடது காது மட்டும், நடுவில் சில நாள் வெறுமனே விடுவது என்று மாற்றினார். வலது மூளை பாதித்து இடது பக்கம் பலமிழந்தவர்களில் சிலருக்கு அந்தப் பக்கம் என்று ஒன்று இருப்பதே கவனத்துக்கு வராது. அவர்களுக்கு இடது காதில் ஒட்டினால் விதை இருப்பதே தெரியாமல் போய்விடும். உணர்ச்சி நன்றாக இருக்கும் காதில் மட்டும் ஒட்டுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அழுத்திய இடம் கறுத்துப்போவதும் உண்டு, அதையும் தினமும் பார்க்க வேண்டும்.

விதைக்குப் பதில் காதிலேயே குத்தி விட்டுவிடும் குட்டி ஊசிகளும் இருக்கின்றன. எங்கள் சிகிச்சையாளர் அதை எடுக்கவே இல்லை, நானும் பரிந்துரைக்க மாட்டேன். காது மடலின் உள்ளே இருப்பது குருத்தெலும்பு. அதற்கு நேரடி ரத்த ஓட்டம் இல்லை. அங்கே தொற்று ஏறினால் ஆறுவது கடினம், காதின் வடிவமே சுருங்கிப்போகலாம். சர்க்கரை நோயும், ரத்தம் உறையாமைக்கான மாத்திரையும் உள்ள ஒருவருக்கு அந்த ஆபத்தை எதற்காக வரவழைக்க வேண்டும்?

காதை அழுத்தினால் மனது ஏன் தெளிய வேண்டும் என்று அண்ணன் முதல் நாளே கேட்டுவிட்டார். நியாயமான கேள்வி. இந்தக் காது வரைபடத்தை உலகத்துக்குப் பரப்பியவர் பால் நோஜியே என்ற பிரெஞ்சு மருத்துவர். லியோன் நகரத்துக்காரர். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலிக்கு நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு வந்தவர்களின் காதில் சூடு போட்ட தழும்பைப் பார்த்து, 1950களில் ஆராயத் தொடங்கினார். காது மடல் என்பது தலைகீழாகச் சுருண்டு கிடக்கும் கருவின் உருவம், உடலின் ஒவ்வொரு உறுப்புக்கும் அதில் ஓரிடம் உண்டு என்றார். அது சீனாவுக்குப் போய் அங்கே இன்னும் விரிவடைந்தது. 1990இல் உலக சுகாதார நிறுவனம் அதே லியோனில் ஒரு கூட்டம் நடத்திக் காதுப் புள்ளிகளின் பெயர்களை ஒழுங்குபடுத்தியது. பெயரை ஒழுங்குபடுத்தியதைத்தான் "உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்த மனச்சோர்வு சிகிச்சை" என்று விளம்பரத்தில் நீட்டுகிறார்கள். இரண்டும் ஒன்றல்ல.

கரு உருவ வரைபடம் எனக்கு நம்பும்படியாக இல்லை. கல்லீரலுக்குக் காதில் ஒரு புள்ளி ஏன் இருக்க வேண்டும் என்பதற்கு உடற்கூறு ரீதியில் பதில் கிடையாது. ஆனால் காதின் நரம்பைப் பற்றிய பகுதி என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. மூளையிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், வயிறுவரை போகும் வேகஸ் நரம்பு வெளித் தோலுக்கு வரும் இடம் காது ஒன்றுதான். காதைக் குடையும்போது சிலருக்கு இருமல் வருகிறதே, அதற்குக் காரணம் அந்தக் கிளைதான். காதுக் குழியின் மேல் பாதியில் அந்தக் கிளை நன்றாகப் பரவியிருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் சமிக்ஞை மூளைத் தண்டுக்குப் போய், மனநிலையோடும் தூக்கத்தோடும் தொடர்புள்ள பகுதிகளை எட்டுகிறது. கழுத்தில் அறுவை சிகிச்சை செய்து அதே நரம்பை மின்சாரத்தால் தூண்டும் கருவிக்கு, மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்காக அமெரிக்காவில் 2005இல் அனுமதி கிடைத்தது. பக்கவாதத்தில் பலமிழந்த கையைப் பயிற்சியோடு சேர்த்துத் தேற்றுவதற்கும் 2021இல் அப்படியொரு கருவிக்கு அனுமதி கொடுத்தார்கள். ஆகக் காது வழியாக மூளையை எட்ட முடியும் என்பது கற்பனை கிடையாது. ஆனால் அளந்து கொடுக்கும் மின்துடிப்பு வேறு, விரல் நுனியில் அழுத்தும் ஒரு விதை வேறு. முதலாவதின் பெயரைச் சொல்லி இரண்டாவதை விற்பதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

பக்கவாதத்துக்குப் பிறகான மனச்சோர்வுக்குக் காது அக்குபிரஷர் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. பெரும்பாலும் சீனாவில் நடந்தவை, சின்னவை. பலவற்றில் மாத்திரையோடு விதையையும் சேர்த்துக் கொடுத்து, மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட்டிருக்கிறார்கள். சேர்த்துக் கொடுத்தவர்களின் மனச்சோர்வு மதிப்பெண் கூடுதலாக இறங்கியதாக முடிவுகள் வருகின்றன. இதில் இரண்டு சிக்கல். காதில் விதை ஒட்டியிருப்பது நோயாளிக்குத் தெரியும், அந்த எதிர்பார்ப்பே மனநிலையை உயர்த்தும். அதைச் சரிசெய்ய வேறு குழுவுக்குப் பொய்யான இடத்தில் விதை ஒட்டினால், அதுவும் காதுதான், அங்கேயும் நரம்பு இருக்கிறது. அடுத்தது, பக்கவாதத்துக்குப் பிறகான மனச்சோர்வு சிலருக்குக் காலப்போக்கில் தானாகவே குறையும். கொஞ்சம் பேரை வைத்துச் செய்யும் ஆய்வில் எது எதனால் என்று பிரித்துச் சொல்வது கடினம்.

மாத்திரைப் பக்கமும் எல்லாம் தெளிவாக இருக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஃபோகஸ் என்ற பெயரில் பிரிட்டனில் 3127 பக்கவாத நோயாளிகளுக்கு ஆறு மாதம் தினமும் ஃப்ளுவாக்ஸெடின் என்ற மனச்சோர்வு மருந்து 20 மில்லிகிராம் அல்லது மருந்தில்லாத வெற்று மாத்திரை கொடுத்துப் பார்த்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களில் புதிதாக மனச்சோர்வு வந்தது சுமார் 13 சதவீதம் பேருக்கு, வெற்று மாத்திரைக்காரர்களில் சுமார் 17 சதவீதம். ஆனால் எலும்பு முறிவு மருந்துக் குழுவில் ஏறக்குறைய இரு மடங்கு, 3 சதவீதத்துக்குச் சற்றுக் கீழே. அன்றாட வேலைகளைத் தானாகச் செய்துகொள்ளும் திறனில் மாற்றம் இல்லை. இது மனச்சோர்வு வந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு அல்ல, எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுக்கலாமா என்று பார்த்தது. ஆனாலும் லாபம் எவ்வளவு, நஷ்டம் எவ்வளவு என்று எண்ணோடு சொல்ல முடிகிறது பாருங்கள். இதைப் படித்த பிறகுதான் அம்மா கீழே விழாமல் இருக்கக் குளியலறையில் கைப்பிடி போட்டோம். அந்த அளவில் ஒரு ஆய்வு காது விதைக்கு இல்லை.

அம்மாவிடம் என்ன பார்த்தோம்? மனச்சோர்வு மாத்திரை ஆரம்பித்துச் சில வாரம் கழித்துத்தான் விதை ஒட்டத் தொடங்கினோம். அந்த வகை மாத்திரை வேலை செய்யவும் சில வாரம் ஆகும். அதனால் மனம் தெளிந்ததற்கு விதைதான் காரணம் என்று என்னால் சொல்லவே முடியாது. முதலில் மாறியது தூக்கம். படுக்கும் முன் விதைகளை அழுத்திவிட்டால் சீக்கிரம் அசந்துவிடுவார். அந்தச் சில நிமிடம் யாராவது ஒருவர் அவர் பக்கத்தில் அமைதியாக உட்கார்ந்திருப்பது, விளக்கைக் குறைத்துவிடுவது, இதெல்லாம்கூடக் காரணமாக இருக்கலாம்.

ஆனால் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்வேன், எனக்கு இந்தப் பட்டையின் மீது மதிப்பு வந்ததே அதனால்தான். பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு நடந்தது எல்லாமே அடுத்தவர் கையால் நடந்தது. குளிப்பாட்டியது, உடை மாற்றியது, மாத்திரை கொடுத்தது, காலைத் தூக்கிப் பயிற்சி கொடுத்தது, எல்லாம் வேறு யாரோ. காதை அழுத்துவது மட்டும் அவருடைய இடது கைக்கு முழுதாகக் கைவந்த வேலை. யாரும் உதவ வேண்டியதில்லை, தப்பாகச் செய்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பேச்சுப் பயிற்சி கொடுப்பவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒரு யோசனை தந்தார். பேச்சிழந்தவர்களுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக எண்ணுவது, கிழமைகளைச் சொல்வது, மனப்பாடமான பாட்டு இவை பெரும்பாலும் மிஞ்சியிருக்கும். மூளை அதை வேறு விதமாகத் தேக்கி வைத்திருக்கிறது. ஆகவே அழுத்தும்போது சத்தமாக எண்ணச் சொல்லுங்கள் என்றார். அம்மா எண்ணினார். மாதக்கணக்கில் ஒழுங்கான ஒரு சொல் வராத வாயிலிருந்து பத்துவரை தடையில்லாமல் வந்தது. அவரே திகைத்துப்போய் மறுபடியும் எண்ணினார். அதற்குப் பிறகு அழுத்தும் நேரத்தை அவரே எங்களுக்கு நினைவூட்டினார், காதைத் தொட்டுக் காட்டி. எதிலும் பங்கெடுக்க மறுத்துக்கொண்டிருந்த ஒருவர் ஒரு வேலையைக் கேட்டு வாங்கியது எங்கள் வீட்டில் பெரிய திருப்பம். மனச்சோர்வு உள்ளவர்களைச் சின்னச் சின்னச் செயல்களில் திரும்ப இறக்கிவிடுவது உளவியல் சிகிச்சையிலும் ஒரு முறைதான் என்று மனநல மருத்துவரும் சொன்னார், தொடரச் சொன்னார்.

இதை எழுதுவதால், அழுத்துவதைக் குடும்பத்தினரே செய்துவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முடிந்தவரை அவர் கையால் அழுத்தட்டும். ஒட்டுவதற்கு மட்டும் நீங்கள் போதும்.

அன்றாடத் தொல்லைகளும் உண்டு. வியர்வையிலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் பிளாஸ்டர் கழன்றுவிடும். காதுக் குழிக்குள் ஒட்டியவை நிற்கும். சோணையிலும் வெளி விளிம்பிலும் ஒட்டியவை சீக்கிரம் போகும். ஒட்டும் முன் காது நன்றாக உலர்ந்திருக்க வேண்டும், ஈரத்தில் ஒட்டினால் அன்றே விழும். கழன்ற விதை படுக்கையில் கிடக்கும், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் தேடி எடுத்துப் போட வேண்டும். துளைக்குப் பக்கத்தில் ஒட்டியது உள்ளே விழுந்துவிடாமலும் பார்க்க வேண்டும். ஒட்டிய பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் வலிக்கும். அம்மாவுக்கு வலது தோளிலும் வலி இருப்பதால் இடது பக்கம் படுப்பதுதான் வழக்கம். இடது காதிலும் விதை என்றால் எந்தப் பக்கம் படுப்பார்? சில இரவுகளில் எடுத்துவிட்டோம். மூக்குக் கண்ணாடிக்கு இடைஞ்சல் இல்லை, காது கேட்கும் கருவிக்கு நிச்சயம் இடைஞ்சல். மலிவான பட்டைகளில் பசை கடுமையாக இருந்து தோலை அரிக்கிறது. அரிப்பு தொடங்கினால் பொறுத்துக்கொண்டு உட்காராமல் எடுத்துவிடுங்கள்.

கூடவே வரும் படத்தாளை நம்பி நீங்களே புள்ளி தேடுவது சிரமம். ஒரு தாளுக்கும் இன்னொரு தாளுக்கும் இடம் மாறுகிறது, எழுத்தும் பொடியாக இருக்கிறது. இதற்குத்தான் சிகிச்சையாளர் தேவை. ஒருசில முறை அவர் ஒட்டுவதைப் பக்கத்திலிருந்து பார்த்து, ஒட்டிய காதைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டால் பிறகு வீட்டிலேயே செய்யலாம். எங்கள் சிகிச்சையாளர் நல்லவர், பொறுமைசாலி. ஆனால் கடைசியில் நீண்டகாலத் தொகுப்பாக முன்பணம் கட்டச் சொன்னபோது நாங்கள் சேரவில்லை. அந்தப் பணம் பேச்சுப் பயிற்சிக்குப் போனால் அம்மாவுக்குப் பலன் அதிகம் என்று தோன்றியது. அவரிடமே அதைச் சொன்னேன், புரிந்துகொண்டார். தேவைப்பட்டால் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

யார் வாங்க வேண்டாம் என்றால், காதில் புண், எக்ஸிமா, தொற்று உள்ளவர்கள், பிளாஸ்டர் ஒவ்வாமை உள்ளவர்கள், இரண்டு காதிலும் உணர்ச்சி சரியில்லாதவர்கள், ஒட்டியதைப் பிய்த்து வாயில் போட்டுவிடும் அளவுக்கு நினைவு குழம்பியவர்கள். விழுங்குவதில் சிரமம் இருப்பவருக்கு அந்தக் கடைசி விஷயம் சாதாரணமானதல்ல.

இன்னொரு நிலையிலும் விதையைத் தொடவே வேண்டாம். "நான் இருந்து என்ன பயன்", "என்னைப் போக விடுங்கள்" என்று வார்த்தையாலோ சைகையாலோ சொல்கிறார், சாப்பாட்டையும் மாத்திரையையும் வேண்டுமென்றே மறுக்கிறார் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். தனியாக விடாதீர்கள். பேச முடியாதவர் இதைச் சொல்லாமலே நினைத்துக்கொண்டிருக்கலாம், ஆகவே கேட்டுப் பாருங்கள். தலையசைத்துப் பதில் சொல்ல முடியும் விதமாகக் கேள்வியை அமையுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

அம்மாவுக்கு மாத்திரை தொடர்கிறது. காது விதையும் இடது பக்கம் மட்டும், இடைவெளி விட்டு விட்டு. அடுத்து எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்க வேண்டியிருப்பதால், இந்த முறை எஃகுக் குண்டு கலந்த அட்டையைத் தவிர்த்துவிட்டு விதை மட்டும் உள்ள அட்டையை வாங்கியிருக்கிறோம்.